போனஸ் பணமும் கிராபிக்ஸ் கார்டும்

ஆண்டுதோறும் துர்க்கா பூஜை நெருங்கும் வேளையில் ரயில்வே ஊழியர்களின் கைக்குப் போனஸ் வந்து சேருகிறது. பெயரளவில் அது 78 நாள் சம்பளம். கணக்கிடும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டாகையால் தொகை 17,951 ரூபாயைத் தாண்டுவதில்லை. 2025-ஆம் ஆண்டிலும் அதே 17,951தான். இந்தப் பணத்துக்கு முன்பெல்லாம் இரண்டே வாதிகள் இருந்தனர். ஒருவர் துணிக்கடைக்காரர், மற்றவர் ஊருக்குப் போய்வரும் செலவு. இப்போது மூன்றாவது வாதி ஒருவர் நம் வீடுகளில் கிளம்பியிருக்கிறார். அவருக்குக் கிராபிக்ஸ் கார்டு என்று பெயர்.

லேக் கார்டன்ஸிலும் லேக் மார்க்கெட் சுற்றுப்புறத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுள், பதினொன்றாம் வகுப்போ இன்ஜினீயரிங்கோ படிக்கும் பிள்ளை இருக்கும் வீடு எதுவாயினும், இந்த வழக்கு ஒருமுறையாவது நடந்திருக்கும். “அப்பா, அந்த விளையாட்டு வரப்போகிறது, நம் கம்ப்யூட்டரில் அது ஓடாது” என்று பிள்ளை தொடங்குகிறான். “விளையாட்டுக்கு முப்பதாயிரமா?” என்று தகப்பனார் முடிக்கிறார். தாயார் இருவருக்கும் நடுவே நின்று, “பூஜை கழியட்டும், பார்க்கலாம்” என்று வாய்தா வாங்குகிறார். ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாமலே வழக்கு ஒத்திவைக்கப்படுகிறது. இவ்விஷயத்தில் தகப்பன்மார் அறிந்திருக்க வேண்டியவற்றை நாம் சாந்தினி சௌக்கில் அலைந்தும், விவரம் தெரிந்த வாலிபர்களைக் கேட்டும் ஓரளவு அறிந்துகொண்டோம். அதையே ஈண்டு எழுதுகிறோம்.

முதலில் பிள்ளையின் பக்கத்தைக் கேட்பது நியாயம். விளையாட்டு என்றால் தனியே அறைக்குள் அடைந்து கிடப்பது என்று பெரியவர்கள் எண்ணுகிறார்கள். அது முழு உண்மையன்று. நாம் அறிந்த வீடொன்றில் பையன் பள்ளியில் வங்காளியும் ஆங்கிலமும் பேசுகிறான். தெருவில் ஹிந்தி பேசுகிறான். இரவு ஒன்பது மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு மதுரையில் உள்ள அத்தை மகனோடும் தாம்பரத்தில் உள்ள பெரியப்பா மகனோடும் கூடி விளையாடுகிறான். அந்த ஒரு மணி நேரம் அவன் பேசுவது முழுக்கத் தமிழ். “டேய், இடப்பக்கம் வா! அங்கே நிற்காதே!” என்ற கூச்சலை அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டே அவன் தாயார் தோசை வார்க்கிறார். விடுமுறைக்கு ஊர் போகும்போது அப்பிள்ளைகள் அந்நியர்போல் விலகி நிற்பதில்லை என்பதையும் அவர் சொன்னார். ஆகவே, “வீண் செலவு” என்று ஒரே சொல்லில் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. அதே சமயம், கேட்டதும் எடுத்துக் கொடுப்பதும் தவறு. ஏன் தவறு என்பதைச் சற்று விரிவாகக் கூறவேண்டும்.

இந்நாளில் பிள்ளைகள் வாயில் அடிபடும் விளையாட்டு ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’வின் ஆறாம் பாகம். ராக்ஸ்டார் என்னும் கம்பெனி இதன் முதல் முன்னோட்டத்தை 2023 டிசம்பரில் வெளியிட்டது. அப்போது 2025-இல் வரும் என்றார்கள். 2025 மே மாதத்தில், 2026 மே 26 என்று தேதி மாற்றினார்கள். அதே ஆண்டு நவம்பர் 6 அன்று, 2026 நவம்பர் 19 என்று மீண்டும் தள்ளினார்கள். நேயர்கள் கவனிக்க வேண்டியது இத்தேதிகளை மட்டுமன்று. அவ்வறிவிப்புகளில் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் ஆகிய விளையாட்டுப் பெட்டிகளின் பெயர்களே இருந்தன. கம்ப்யூட்டரின் பெயர் அவற்றில் இல்லை! பையன் கேட்கும் கார்டோ கம்ப்யூட்டருக்கு உரியது. வண்டி எந்த நிலையத்தில் நிற்கும் என்று கால அட்டவணையில் போடாதபோதே அந்த நிலையத்துக்கு டிக்கெட் எடுப்பதை எங்கள் ஆபீசில் யாரும் புத்திசாலித்தனம் என்று சொல்லமாட்டார்கள்.

கம்ப்யூட்டருக்கு அது வராமலே போகும் என்று நாம் கூறவில்லை. அக்கம்பெனியின் பழைய வழக்கத்தைப் பார்த்தால் வரும். ஆனால் தாமதித்து வரும். ஐந்தாம் பாகம் விளையாட்டுப் பெட்டிகளுக்கு 2013 செப்டம்பர் 17-இல் வந்தது. கம்ப்யூட்டருக்கு 2015 ஏப்ரல் 14-இல்தான் வந்தது. ஏறக்குறைய பத்தொன்பது மாத இடைவெளி. ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன்’ இரண்டாம் பாகம் பெட்டிகளுக்கு 2018 அக்டோபர் 26. கம்ப்யூட்டருக்கு 2019 நவம்பர் 5.

அந்தப் பத்தொன்பது மாதத்தில் நடந்த ஒன்றைச் சொன்னால் விஷயம் விளங்கிவிடும். 2013 மே மாதத்தில் என்விடியா கம்பெனி ஜி.டி.எக்ஸ். 780 என்ற கார்டை 649 டாலர் விலையில் வெளியிட்டது. ஐந்தாம் பாகத்துக்காகவென்று அதை முன்கூட்டி வாங்கி வைத்தவர்கள் உலகெங்கும் இருந்திருப்பார்கள். பதினாறு மாதம் கழித்து, 2014 செப்டம்பரில், அதே கம்பெனி ஜி.டி.எக்ஸ். 970-ஐ 329 டாலருக்குக் கொண்டுவந்தது. விலையில் பாதி, வேகத்திலோ பழையதை மிஞ்சியது. விளையாட்டு கம்ப்யூட்டருக்கு வந்தபோது அது கேட்ட கார்டு இவ்விரண்டுமல்ல. அவற்றினும் எளிய ஜி.டி.எக்ஸ். 660-ஐயே போதுமான கார்டாக ராக்ஸ்டார் கம்பெனி குறிப்பிட்டிருந்தது.

மற்றோர் உதாரணம் ‘சைபர்பங்க் 2077’. போலந்து நாட்டுக் கம்பெனி ஒன்று செய்த விளையாட்டு இது. 2020 ஏப்ரல் 16 என்று குறித்த நாள் செப்டம்பருக்குப் போயிற்று. செப்டம்பர் நவம்பருக்குப் போயிற்று. கடைசியில் டிசம்பர் 10 அன்று வந்தது. எந்தக் கார்டு தேவை என்ற பட்டியலை அவர்கள் வெளியிட்டதே அவ்வாண்டு செப்டம்பரில்தான். அதில் சிபாரிசு செய்யப்பட்டது ஜி.டி.எக்ஸ். 1060 என்ற 2016-ஆம் ஆண்டுக் கார்டு. பின்னர் 2023-இல் விளையாட்டைப் புதுப்பித்தபோது அந்த 1060-ஐக் கடைசிப் படிக்கு இறக்கி, இதற்குக் கீழே உள்ளவை உதவா என்று அறிவித்தார்கள். மூன்றாண்டு முன் சிபாரிசு பெற்றது மூன்றாண்டு கழித்துக் கதவோரத்தில் நிற்கிறது. நாம் சொல்வது இதுவே: வராத விளையாட்டுக்காக இன்று கார்டு வாங்கலாகாது. தேவைப் பட்டியல் வெளிவந்து, விளையாட்டும் வந்து, வாங்கியவர்கள் இரண்டு வாரம் ஆடிப் பார்த்து எழுதிய பிறகு வாங்குவதே முறை.

“அதற்குள் விலை ஏறிவிட்டால்?” என்று பிள்ளை கேட்பான். கெட்டிக்காரப் பிள்ளையின் கேள்விதான். அதற்கு ஆதாரமும் உண்டு. 2020 செப்டம்பரில் 699 டாலர் என்று அறிவிக்கப்பட்ட ஆர்.டி.எக்ஸ். 3080 அந்த விலைக்குக் கிடைக்காமல் உலகமே திண்டாடியது. கொள்ளை நோய்க் காலத்தில் சரக்கு வரத்துக் குறைந்தது. போதாக்குறைக்கு, ஈதரியம் என்னும் மின்னணு நாணயத்தைத் ‘தோண்டி’ எடுப்பவர்கள் கார்டுகளைக் கட்டுக்கட்டாக வாங்கிக் குவித்தார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று அந்நாணயத்தின் முறை மாறி, தோண்டும் வேலைக்கே இடமில்லாமற் போன பிறகுதான் அந்தத் தொல்லை ஓய்ந்தது. மறுபடியும் 2025-இன் இறுதியில், செயற்கை அறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதால் அச்சில்லுகளின் விலை ஏறத் தொடங்கியது. ஆகவே காத்திருந்தால் விலை இறங்கியே தீரும் என்று நாம் உறுதி கூறமாட்டோம். நாம் கூறுவது வேறு. இன்று கையில் உள்ள விளையாட்டுக்கோ, கல்லூரி வேலைக்கோ கார்டு தேவையாயின் இன்றைய தேவைக்கு ஏற்றதை இன்றே வாங்கலாம். நாளைய விளையாட்டின் பெயரைச் சொல்லி, இன்றைய தேவைக்கு இருமடங்கு பெரியதை வாங்குவதே கூடாது.

கார்டு செய்யும் வேலைதான் என்ன? இதைப் பையனிடமே கேளுங்கள், மகிழ்ச்சியோடு சொல்வான். சுருக்கமாக நாமும் சொல்கிறோம். நம் வீடுகளில் பெரும்பாலும் உள்ள மானிட்டரில் அகலவாட்டில் 1920 புள்ளிகளும் உயரவாட்டில் 1080 புள்ளிகளும் இருக்கின்றன. பெருக்கினால் 20,73,600. இத்தனை புள்ளிகளுக்கும் நிறம் கணக்கிட்டு, அவ்வாறு வினாடிக்கு அறுபது படங்கள் வரைந்து தள்ளினால்தான் ஓட்டம் தடுமாறாமல் இருக்கும். வினாடிக்கு 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள்! ஒரு பிராசஸர் தனியே இதைச் செய்ய முடியாது. ஆயிரக்கணக்கான சிறு கணக்கர்களை ஒரே அறையில் உட்காரவைத்து ஆளுக்குச் சில புள்ளிகளைப் பங்கிட்டுக் கொடுப்பதுபோன்ற ஏற்பாடே கிராபிக்ஸ் கார்டு. 4கே என்னும் பெரிய மானிட்டரில் புள்ளிகள் நான்கு மடங்கு. கணக்கர்களும் அதற்கேற்ப வேண்டும். இதிலிருந்து தெரிவது என்னவெனில், கார்டின் அளவைத் தீர்மானிப்பது மானிட்டர். வீட்டில் இருப்பது சாதாரண 1080 மானிட்டராயின், 4கேக்குச் செய்த கார்டை வாங்குவது, ஒற்றையறைக் குடித்தனத்துக்குக் கல்யாண அண்டா வாங்குவதற்கு ஒப்பாகும்.

அக்கணக்கர்களுக்கு மேஜையும் வேண்டும். கார்டின் சொந்த நினைவகமே அந்த மேஜை. மேஜை சிறிதாயின், காகிதங்களை வெளியே உள்ள அலமாரியில் வைத்து ஒவ்வொரு முறையும் எழுந்து போய் எடுக்க வேண்டிவரும். படம் திக்கித் திக்கி ஓடும். சில ஆண்டுகளுக்கு முன் 8 ஜி.பி. தாராளமாக இருந்தது. 2023 மார்ச்சில் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ கம்ப்யூட்டருக்கு வந்தபோது 8 ஜி.பி. கார்டு வைத்திருந்தவர்கள் மிகவும் அவதிப்பட்டார்கள். பிறகு திருத்தங்கள் வெளிவந்து நிலைமை சீர்பட்டது. எனினும் எச்சரிக்கை எச்சரிக்கைதான். ஐந்தாண்டாவது கார்டு உழைக்க வேண்டும் என்று எண்ணும் குடும்பம், இனி 12 அல்லது 16 ஜி.பி. உள்ளதை வாங்குவதே உசிதம். ஒரே பெயரில் 8 ஜி.பி.யும் 16 ஜி.பி.யும் விற்கப்படுவதால் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கவேண்டும். ‘ரே டிரேஸிங்’ என்று ஒன்று. ஒளி எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்று கணக்கிடும் வித்தை. முன்பு அது அலங்காரம். 2025 மே மாதத்தில் வந்த ‘டூம்: தி டார்க் ஏஜஸ்’ போன்ற விளையாட்டுகள் அவ்வித்தை தெரியாத கார்டில் தொடங்கவே மறுக்கின்றன. ஆதலால் பழைய ஜி.டி.எக்ஸ். வரிசையை இனி நினைக்க வேண்டாம்.

இப்போது விலைக்கு வருவோம். கம்பெனிகள் அமெரிக்காவில் அறிவிக்கும் விலையில் வரி சேராது. கணக்குக்காக ஒரு டாலரை 85 ரூபாய் என்று வைத்து, நம் நாட்டின் 18 சதவீத ஜி.எஸ்.டி.யைக் கூட்டிப் பார்ப்போம். இன்டெல் கம்பெனி 2024 டிசம்பரில் வெளியிட்ட ஆர்க் பி580, 12 ஜி.பி., 249 டாலர். ஏறக்குறைய 25,000 ரூபாய். என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 5060, 8 ஜி.பி., 2025 மே, 299 டாலர், 30,000. ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி., 16 ஜி.பி., 2025 ஜூன், 349 டாலர், 35,000. என்விடியாவின் 5060 டி.ஐ., 16 ஜி.பி., 2025 ஏப்ரல், 429 டாலர், 43,000. இது காகிதக் கணக்கு. டாலர் ஏறினால் ஏறும். சாந்தினியில் சொல்லும் விலை அன்றைய சந்தையைப் பொறுத்தது. எப்படிப் பார்த்தாலும் 17,951-க்குள் இவற்றில் ஒன்றும் அடங்கவில்லை என்பது வெளிப்படை. மீதியை எங்கிருந்து எடுப்பது என்பதைப் பையனுக்கு ஒளிக்காமல் சொல்லிவிடுவது நலம். வீட்டு வரவுசெலவை அறிந்த பிள்ளை, பெரும்பாலும் தானே ஒரு படி இறங்கி வருகிறான் என்பதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறோம்.

இவற்றுள் எது என்று கேட்டால், 1080 மானிட்டர் உள்ள வீட்டுக்கு, விளையாட்டே முக்கியமாயின், 16 ஜி.பி. உள்ள 9060 எக்ஸ்.டி. என்பது நம் அபிப்பிராயம். “படிப்புக்கும் உதவும்” என்று இன்ஜினீயரிங் பிள்ளை சொல்வது பாதி உண்மை. செயற்கை அறிவுப் பாடங்களுக்கு எழுதப்பட்ட மென்பொருள்களிற் பல, என்விடியாவின் ‘கூடா’ என்னும் ஏற்பாட்டை நம்பியே இயங்குகின்றன. அவன் உண்மையாகவே அப்பாடத்தில் இறங்கியிருந்தால் என்விடியாவுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தம் உண்டு. இறங்கியிருக்கிறானா என்பது தகப்பனாருக்குத் தெரியும்.

கார்டைத் தேர்ந்தெடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணலாகாது. அதைப் பொருத்தப்போகும் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். நம்மவர் வீடுகள் பலவற்றில் இருப்பது ஆபீஸ்களில் கழித்து விற்ற கம்ப்யூட்டர். எழுத்து வேலைக்கு அவை தங்கமானவை. ஆனால் அவற்றுட் பலவற்றின் பவர் சப்ளை 200 அல்லது 300 வாட்டுக்குள் அடங்கும். கார்டுக்கென்று தனி மின்கம்பி அதில் இராது. அதன் வடிவமும் சந்தையில் கிடைக்கும் பொது அளவினதாயிராது. 5060-க்கு 145 வாட், 9060 எக்ஸ்.டி. 16 ஜி.பி.க்கு 160, பி580-க்கு 190 வாட் என்பது கார்டு மட்டும் கேட்கும் மின்சாரம். பிராசஸரும் மற்றவையும் தனி. ஆகவே நல்ல கம்பெனியின் 550 அல்லது 600 வாட் பவர் சப்ளைக்கும் பட்ஜெட்டில் இடம் விடவேண்டும். எடை குறைந்த, பெயர் தெரியாத பவர் சப்ளையை மலிவென்று வாங்குபவர், முப்பதாயிரம் ரூபாய்ப் பொருளை முந்நூறு ரூபாய்க் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறார். மின்தடைக்கென்று வீட்டில் வைத்திருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். ஏறத்தாழ 360 வாட்தான் தாங்கும். விளையாட்டு மும்முரத்தில் அது ‘கீ’ என்று கத்தி நின்றுவிடக்கூடும்.

பிறகு நீளம். சில கார்டுகள் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கின்றன. உள்ளே இடமுண்டா என்று அளவுகோலால் அளந்து, எண்ணைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு கடைக்குப் போகவேண்டும். மதர்போர்டு மிகப் பழையதாயின் வேறு தொல்லையும் உண்டு. 5060 போன்ற கார்டுகள் பதினாறு வழிப்பாதைக்குப் பதில் எட்டு வழிகளையே பயன்படுத்துகின்றன. புதிய போர்டில் அது குறையாகத் தெரியாது. பழைய போர்டில் ஒவ்வொரு வழியும் மெதுவாகையால் நெரிசல் உண்டாகும். இன்டெல் பி580-க்கு ‘ரீசைசபிள் பார்’ என்ற வசதி போர்டில் இருந்தே ஆகவேண்டும். இல்லாவிடில் அதன் வேகம் வெகுவாகக் குறைந்துபோகும். பிராசஸர் எட்டு, பத்து ஆண்டுப் பழமையானதென்றால், கார்டை மட்டும் மாற்றுவதில் பிரயோஜனம் குறைவு. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்து, சில வீடுகளில் “இந்த ஆண்டு ராமும் எஸ்.எஸ்.டி.யும், கார்டு அடுத்த ஆண்டு” என்று தீர்ப்பாவதும் உண்டு. அது தோல்வியன்று.

கடைத்தெருவுக்குப் போகும் வழி நேயர்களுக்குத் தெரியும். லேக் கார்டன்ஸிலிருந்து நடந்தோ ரிக்ஷாவிலோ ரவீந்திர சரோவர் மெட்ரோ நிலையம் போய், எஸ்பிளனேடுக்கு அடுத்த சாந்தினி சௌக்கில் இறங்கவேண்டும். அங்குள்ள சந்துகளில் ரேடியோ வால்வு முதல் நேற்று வந்த கார்டு வரையில் எல்லாம் கிடைக்கும். ஒரே கடையில் கேட்டுத் திரும்பாமல் நான்கு கடைகளில் கேட்கவேண்டும். “தாதா, பில் வேண்டாமென்றால் ஆயிரம் குறைத்துக்கொள்ளுங்கள்” என்று ஒரு கடையில் நம்மிடம் சொன்னார்கள். அந்த ஆயிரத்தை நாம் பெறவில்லை. ஜி.எஸ்.டி. எண்ணும், கார்டின் வரிசை எண்ணும் எழுதிய பில் இல்லாமல் மூன்றாண்டு உத்தரவாதம் என்பது வாய்ப்பேச்சு. அமெரிக்காவில் உள்ள மைத்துனரிடம் சொல்லிப் பெட்டியில் போட்டுக் கொண்டுவரச் செய்யலாமே என்று சிலர் கேட்கிறார்கள். பல கம்பெனிகளின் உத்தரவாதம் வாங்கிய நாட்டோடு நின்றுவிடுகிறது. பழுதானால் கார்டு மறுபடியும் கடல் தாண்ட வேண்டும்.

பழைய கார்டு வாங்குவதைப் பற்றியும் சொல்லவேண்டும். ஏனெனில் போனஸ் தொகைக்குள் அடங்கும் வழி அது ஒன்றே. நாணயம் தோண்டுவதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் 2022-க்குப் பின் சந்தைக்கு வந்தன. அவை எல்லாம் கெட்டவை என்பது மிகை. ஆனால் விசிறியும், உள்ளே வெப்பம் கடத்தும் பசையும் தேய்ந்திருக்கும். கண்ணெதிரே பொருத்தச் சொல்லி, அரை மணி நேரமாவது கனமான வேலை கொடுத்து ஓடவிட்டு, வெப்பமும் ஓசையும் பார்த்த பின்னரே பணம் கொடுக்கவேண்டும். பழைய மலிவுக் கார்டுக்குப் புதிய கார்டின் பெயரைப் புகுத்தி விற்கும் மோசடியும் உண்டு. ‘ஜி.பி.யு.-இசட்’ என்ற இலவச மென்பொருளை ஒரு பென் டிரைவில் கொண்டுபோனால், போலியை அது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். 1060 முதலிய பத்தாம் வரிசைக் கார்டுகளுக்கு, விளையாட்டுகளுக்கேற்ற புது டிரைவர்களை வெளியிடுவதை 2025 அக்டோபருடன் என்விடியா முடித்துக்கொண்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். எவ்வளவு மலிவாயினும் அவற்றை இனித் தொடாமலிருப்பது மேல்.

தகப்பன்மாருக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. பிள்ளை கேட்கும் அந்த விளையாட்டின் ஐந்தாம் பாகத்துக்கு ஐரோப்பாவில் 18 வயதென்று முத்திரை குத்தினார்கள், அமெரிக்காவில் 17. கொள்ளை, கொலை, வேறு சிலவும் அதில் உண்டு. கார்டின் விலையைப் பற்றி ஒரு மாதம் விவாதிக்கும் நாம், அதில் ஓடப்போவது என்ன என்று ஐந்து நிமிடம் கேட்பதில்லை. பிள்ளை பதினான்கு வயதினனாயின் அதைக் கேட்டே ஆகவேண்டும். அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “நீ இப்போது ஆடுவதை எனக்குக் காட்டு” என்றால் பிள்ளைகள் மறுப்பதில்லை. முதலில் சற்றுக் கூச்சப்படுவார்கள், அவ்வளவுதான்.

அப்படி உட்காரும் வீட்டார் ‘வெண்பா’வையும் பார்க்கலாம். 2023 ஜூலை 31 அன்று வந்த இது, கனடாவில் குடியேறிய தமிழ்த்தாய் ஒருத்தியின் கதை. கிழிந்துபோன பழைய சமையற் குறிப்பைப் பார்த்து இட்லியும் பிறவும் சமைப்பதே ஆட்டம். மகன் தமிழை விட்டு விலகுவதும், தாய் தனிமைப்படுவதும் அதனூடே வருகின்றன. கனத்த கார்டு எதுவும் அது கேட்பதில்லை. இன்றுள்ள கம்ப்யூட்டரிலேயே பெரும்பாலும் ஓடிவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடக்கூடியது. நம் சங்கத்துத் தாய்மார் சிலர் அதைப் பார்த்துக் கண் கலங்கினார்கள் என்று கேள்விப்பட்டோம்.

வாங்கிய பிறகு செய்யவேண்டியவை சில. கார்டு வந்த அன்றே அட்டைப்பெட்டியை எடைக்குப் போட்டுவிடக் கூடாது. உள்ளிருக்கும் நுரை அச்சோடும் மின்தடுப்புப் பையோடும் பரணில் வைக்கவேண்டும். பில்லைப் படமெடுத்து இரண்டு இடங்களில் சேமித்துக்கொள்ள வேண்டும். வெப்பத்தில் அச்சிட்ட பில்லின் எழுத்து ஓராண்டில் மங்கிவிடும். கல்கத்தாவின் மழைக்காலப் பிசுபிசுப்பும், வேனில் தூசியும் சேர்ந்து விசிறியில் களிம்புபோல் ஒட்டிக்கொள்கின்றன. மூன்று மாதத்துக்கொரு முறை மென்மையான பிரஷ்ஷால் துடைக்கவேண்டும். துடைக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். தானாகச் சுழலவிடக் கூடாது.

மாற்றல் உத்தரவு வந்து, சாமான் கட்டும் நாளும் நம்மவர்க்கு ஒன்று உண்டு. கார்டைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே விட்டு லாரியிலோ ரயிலிலோ ஏற்றினால், ஒரு கிலோவுக்கு மேலும் கனக்கக்கூடிய அது குலுங்கிக் குலுங்கி மதர்போர்டின் பள்ளத்தையே பிளந்துவிடக்கூடும். மின்சாரத்தை முற்றிலும் துண்டித்து, திருகுகளை அகற்றி, ஓரத்தில் உள்ள சிறு தாழ்ப்பாளை அழுத்திக் கழற்றி, பரணில் வைத்த அதே பெட்டியில் இட்டுக் கைப்பையில் எடுத்துச் செல்லவேண்டும். திருகுகளை ஒரு சிறு காகித உறையிலிட்டு அப்பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டால், புது ஊரில் இறங்கியதும் தேடவேண்டியதில்லை.